முள்கம்பியில் சிக்கிய பசு

ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில், கோரங்கல் என்னும் செங்குத்தான பள்ளத்தாக்கில், மலைமுகட்டுக் காவலரண் ஒன்றைச் சுற்றிப் போட்டிருந்த சுருள் முள்கம்பியில் ஒரு பசு சிக்கிக்கொண்டது. மீட்டாலும் பிழைக்காது என்று முடிவு செய்த அமெரிக்கப் படைவீரர்கள் அதைக் கொன்றார்கள். பொட்டல உணவையே தின்று சலித்திருந்தவர்கள் அதன் இறைச்சியைச் சமைத்துத் தின்றார்கள். பிறகு ஊர்ப் பெரியவர்கள் மலையேறி வந்து, பசுவுக்கு உரியவருக்குச் சில நூறு டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று கேட்டார்கள். மேலதிகாரியிடம் வானொலிக் கருவியில் கேட்டுச் சொல்லப்பட்ட பதில், பணம் தர இயலாது, பசுவின் எடைக்கு எடை அரிசியும் பயறும் சர்க்கரையும் தரலாம் என்பது. பெரியவர்கள் கேட்டு வந்தது பணம், கிடைத்தது எடைக்கணக்கு.

2010-இல் வெளிவந்த 'ரெஸ்ட்ரெப்போ' என்னும் ஆவணப்படத்தில் இந்த நிகழ்வு சில நிமிடங்களுக்கு மட்டுமே வருகிறது. ஆனாலும், கிளர்ச்சி எதிர்ப்புப் போர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அந்தப் படத்தின் துப்பாக்கிச் சண்டைகளை விட்டுவிட்டு இந்தப் பசுவைத்தான் நான் முதலில் சுட்டிக்காட்டுவேன். இரண்டு படைகள் எல்லையில் மோதிக்கொள்ளும் போரில் அன்றாட வாழ்வு என்பது ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் இடைப்பட்ட ஓய்வு. ஒரு மக்கள் கூட்டத்தின் நடுவில் படை தங்கி, அந்த மக்களிடமிருந்து கிளர்ச்சியாளரைப் பிரித்தெடுக்க முயலும் போரில் நிலைமை அப்படியன்று. அங்கே தண்ணீர் எடுப்பதும், பாதையில் நடப்பதும், வேலி போடுவதும், வேலியில் சிக்கிய மாட்டுக்கு விலை பேசுவதும்தான் போர். இதைப் படம் முழுவதும் பொறுமையாகக் காட்டியிருப்பது 'ரெஸ்ட்ரெப்போ'வின் பெரிய சாதனை என்று கருதுகிறேன். அதே படம் வேலிக்கு வெளியே ஒருபோதும் தனியாக நின்று பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது முழுமையாகப் புரியும்.

முதலில் படம் உருவான விதம். அமெரிக்க எழுத்தாளர் செபாஸ்டியன் யுங்கரும் பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் டிம் ஹெதரிங்டனும் 2007-08 ஆண்டுகளில் பலமுறை அந்தப் பள்ளத்தாக்குக்குச் சென்று தங்கிப் படம் பிடித்தார்கள். அவர்கள் உடனிருந்தது 173-ஆவது வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த பேட்டில் கம்பெனி என்னும் படைக்குழுவின் உட்பிரிவான இரண்டாம் பிளட்டூன். அதன் பணிக்காலம் சுமார் 15 மாதங்கள். தனி ஒளிப்பதிவுக் குழு கிடையாது. இருவரும் கையில் சிறிய கேமராவுடன் வீரர்கள் உறங்கிய இடத்தில் உறங்கி, அவர்கள் தின்றதைத் தின்று, ரோந்துக்குப் போனபோது கூடவே நடந்தார்கள். படத்தில் பின்னணிக் குரல் இல்லை. தளபதிகளோ அமைச்சர்களோ வல்லுநர்களோ யாரும் பேசுவதில்லை. பள்ளத்தாக்கில் எடுத்த காட்சிகளும், பணி முடிந்து படைப்பிரிவு இத்தாலியிலுள்ள விசென்சாவுக்குத் திரும்பிய பின் அதே வீரர்களிடம் எடுத்த நேர்காணல்களும் மட்டுமே உள்ளன. 2010-இல் சண்டன்ஸ் திரைவிழாவில் படம் அமெரிக்க ஆவணப்படப் பிரிவின் நடுவர் பெரும் பரிசை வென்றது. ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. ஆஸ்கர் விழா நடந்த சில வாரங்களில், 2011 ஏப்ரல் 20 அன்று, லிபியாவின் மிஸ்ரட்டா நகரத்துச் சண்டையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஹெதரிங்டன் கொல்லப்பட்டார்.

படத்தின் பெயர் ஒரு மனிதரின் பெயர். கொலம்பியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஹுவான் ரெஸ்ட்ரெப்போ, பிளட்டூனின் மருத்துவ உதவியாளர். 2007 ஜூலையில், பணிக்காலத்தின் தொடக்கத்திலேயே, 20 வயதில் கொல்லப்பட்டார். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு நண்பர்களோடு ரயிலில் சிரித்துக்கொண்டு போகும் அவருடைய முகத்தோடு படம் தொடங்குகிறது. அவருடைய நினைவாக ஒரு காவலரணுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். எதிரி எந்த மேட்டிலிருந்து கீழேயுள்ள நிலைகளைச் சுட்டுக்கொண்டிருந்தானோ அந்த மேட்டுக்கே ஓர் இரவில் ஏறிப்போய், பாறையைக் கொத்திக் குழி பறித்து, மணல் மூட்டை அடுக்கி அதைக் கட்டினார்கள். குழாய்த் தண்ணீர் இல்லை. வீட்டுக்குப் பேசத் தொலைபேசி இல்லை. கழிவை டீசல் ஊற்றி எரிக்கவேண்டும்.

அப்படியோர் இடத்தில் ஏன் போய் உட்காரவேண்டும் என்ற கேள்விக்குப் படம் விடை சொல்வதில்லை. விடை படத்துக்கு வெளியே, படைத்துறைக் கோட்பாட்டில் இருக்கிறது. 2006 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படையும் மரைன் படையும் சேர்ந்து, டேவிட் பெட்ரேயஸ், ஜேம்ஸ் ஏமோஸ் ஆகிய தளபதிகளின் பொறுப்பில், கிளர்ச்சி எதிர்ப்புக்கான புதிய கையேடு ஒன்றை வெளியிட்டன. பெரிய தளங்களுக்குள் பாதுகாப்பாக அடைந்து கிடக்கும் படையால் இவ்வகைப் போரில் வெல்ல முடியாது, மக்கள் இருக்கும் இடத்திலேயே சிறு சிறு குழுக்களாகப் போய்த் தங்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. 1,000 மக்களுக்குக் குறைந்தது 20 படையினர் வேண்டும் என்றும் அது கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கை ஆப்கானிஸ்தான் முழுமைக்கும் போட்டுப் பார்த்தால் எந்த நாட்டாலும் அத்தனை பேரை அனுப்ப முடியாது. கோட்பாடு கேட்ட ஆள்பலம் இல்லாதபோது அந்தப் பற்றாக்குறையை யார் சுமப்பது? பள்ளத்தாக்கு முழுமைக்கும் சுமார் 150 பேர் கொண்ட ஒரு கம்பெனி. முகட்டில் அதிலும் ஒரு சிறு பகுதி. காவல் நேரத்தின் நீளம், தூக்கமின்மை, ஒரே ஆள் பகலில் மண் வெட்டி இரவில் காவல் நிற்பது என்று படத்தில் நாம் பார்க்கும் களைப்பின் பெரும்பகுதி இந்தப் பற்றாக்குறையிலிருந்து வந்தது.

இந்தக் கோட்பாடு புதியதும் அன்று. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரநிலையின்போது பிரித்தானியர் செய்ததிலிருந்தும் இதன் ஒரு பகுதி எடுக்கப்பட்டது. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் குடியிருந்த ஏறத்தாழ 5,00,000 பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலியிட்ட 'புதுக் கிராமங்களுக்கு' மாற்றினார்கள். ரப்பர்த் தோட்ட லயங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளரையும் வேலிக்குள் ஒருங்கு சேர்த்தார்கள். 'மனங்களையும் இதயங்களையும் வெல்வது' என்ற பேச்சு பிரித்தானிய உயர் ஆணையர் டெம்ப்ளரின் காலத்தில் அங்கேதான் புகழ்பெற்றது. அந்தப் பேச்சுக்குப் பின்னே முள்கம்பியும் அரிசிக் கட்டுப்பாடும் இருந்தன. இந்தியாவும் அந்தப் பாடத்தைப் படித்தது. 1966 மார்ச்சில் ஐஸ்வால் நகரின்மீது விமானப்படை குண்டு வீசியதற்கு அடுத்த ஆண்டு, மிசோ மலைகளில் சிதறிக் கிடந்த ஊர்களைச் சாலையோரம் கொண்டுவந்து சேர்க்கும் திட்டம் தொடங்கியது. மலாயாவில் மக்களை வேலிக்குள் வைத்துப் படை வெளியே நடமாடியது. கோரங்கலில் படை வேலிக்குள் இருந்தது, மக்கள் வெளியே இருந்தார்கள். ஒரே கோட்பாட்டின் இந்த இரண்டு முகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான், காவலரணில் அடைபட்டவர்கள் யார் என்ற கேள்வி எனக்குத் தோன்றியது.

கோரங்கலுக்கு என்று தனிக் காரணங்களும் இருந்தன. அங்கே வாழ்வோர் சுற்றிலுமுள்ள பஷ்தூன் மக்களிடமிருந்து வேறுபட்டவர்கள். வீட்டில் பேசுவது பஷாயி மொழியின் ஒரு வழக்கு. வெளியார் எவராயினும், காபூல் அரசின் ஆட்களாயினும், அவர்களுக்கு அந்நியர்களே. சரிவுகளில் தேவதாரு மரங்கள் ஓங்கி நின்றன. மரம் வெட்டி விற்பதே பள்ளத்தாக்கின் முதன்மையான வருவாய். புதிய ஆப்கன் அரசு மர ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது அந்த வருவாய் கள்ளத்தனமாக மாறியது. மர வணிகர்களுக்கும் கிளர்ச்சியாளருக்கும் பொது எதிரி ஒருவர் கிடைத்தார். அமெரிக்கரின் முதன்மைத் தளமே முன்பு மர ஆலை இருந்த இடத்தில்தான் அமைந்தது. உலகளாவிய பயங்கரவாதம் என்று வாஷிங்டனில் எழுதப்பட்ட ஒன்று, அந்தச் சரிவில் இறங்கும்போது தேவதாருவின் விலையாகவும் பரம்பரை வழிப்பாதையாகவும் உருமாறிவிடுகிறது. இருபது வயது வீரர்களுக்கு இதை யாரும் விளக்கியிருக்க வாய்ப்பில்லை. படமும் விளக்குவதில்லை, ஏனெனில் வீரர்கள் அறிந்ததை மட்டும் அறிந்திருப்பது என்று அது தனக்குத்தானே ஓர் எல்லை போட்டுக்கொண்டது.

இந்தப் படத்தை நான் இரண்டாம் முறை பார்த்தது பெங்களூரில், அல்சூரில், எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு பெரியவரோடு. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஏரிக்கரையை ஒட்டிய மெட்ராஸ் பொறியாளர் படைக் குழுமத்தில் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1780-இல் தொடங்கிய அந்தப் படைக்கு அல்சூர் தாய்வீடு. அதன் வீரர்களைப் படையில் எல்லோரும் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். 1809-இல் இங்கே கண்டோன்மென்ட் அமைந்தபோது அதன் பின்னால் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் தொடர்ச்சியாகவே இந்தப் பகுதியின் பல தெருக்கள் இன்றும் இருக்கின்றன. பட்டாளம் எங்களுக்குத் தொலைக்காட்சிச் செய்தி அன்று. விடியற்காலையில் காதில் விழும் ஊதுகொம்பு, பக்கத்து வீட்டு இரும்புப் பெட்டி, கேன்டீன் அட்டை.

பெரியவர் படம் பார்த்த விதமே வேறு. நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தரையைப் பார்த்தார். மணல் மூட்டையின் அடுக்கு, குழியின் ஆழம், முள்கம்பிக்கும் சுவருக்கும் உள்ள தொலைவு, பாதை எங்கே வளைகிறது என்பதெல்லாம் அவருக்குக் கண்ணில் பட்டன. முள்கம்பியைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. 1912-இல் இதே ஊரில், அவருடைய படையைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக் என்பவர், கம்பி வேலிக்கு அடியில் நீளக் குழாயைச் செருகி வெடிக்கச் செய்து வழி உண்டாக்கும் கருவியை வடிவமைத்தார். 'பெங்களூர் டார்பிடோ' என்ற அதே பெயரில் உலகப் படைகள் பலவும் அதை இன்றும் பயன்படுத்துகின்றன. வேலியை உடைக்கக் கற்றவர்கள், வேலி போடும்போதும் அதில் எது வந்து சிக்கும் என்று யோசிக்கவேண்டும் என்றார் பெரியவர். பசு காட்சி வந்தபோது அவர் கேட்ட கேள்வியைப் பிறகு சொல்கிறேன்.

படத்தின் தொடக்கத்தில், பள்ளத்தாக்குக்குள் நுழையும் வண்டியின் அடியில் கண்ணிவெடி வெடிக்கிறது. கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒலி அறுந்து, மீண்டும் வந்து, புகைக்குள் யாரோ சுடுவது தெரிகிறது. பெரியவர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, சாலையைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். காஷ்மீரில் அவர் பார்த்த வேலை பெரும்பாலும் 'ஆர்.ஓ.பி.', அதாவது சாலையைத் திறந்துவிடும் குழுவின் வேலை. விடியும் முன்பே எழுந்து, நெடுஞ்சாலையின் இரு ஓரமும் மோப்ப நாயோடும் கண்ணிவெடி காணும் கருவியோடும் அடி அடியாக நடக்கவேண்டும். மதகுகளுக்கு அடியில் குனிந்து பார்க்கவேண்டும். நேற்று இல்லாத கல் குவியல், புதிதாகக் கிளறிய மண், வழக்கத்துக்கு மாறாக மூடியிருக்கும் கடை, பள்ளிக்குப் போகாத குழந்தைகள் என்று ஒவ்வொன்றையும் கவனிக்கவேண்டும். சாலை திறந்தது என்று அறிவித்தபின் வண்டி வரிசை கடந்து போகும். அவர்கள் மாலை வரை குறிப்பிட்ட இடைவெளியில் சாலையைப் பார்த்தபடி நிற்பார்கள். மறுநாள் காலை அதே சாலையை மீண்டும் திறக்கவேண்டும், நேற்றுத் திறந்தது இன்றைக்குச் செல்லாது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் வெடிபொருள் ஏற்றிய ஒரு கார் மத்திய ரிசர்வ் காவல் படையின் வண்டி வரிசையில் மோதி 40 பேர் இறந்தது, அன்று காலையில் இப்படித் திறக்கப்பட்ட ஒரு சாலையில்தான்.

சண்டையே நடக்காத நாட்களின் வேலை இது. 'ரெஸ்ட்ரெப்போ'வில் வீரர்கள் பாட்டுக்கு ஆடுகிறார்கள், ஒருவரையொருவர் கட்டிப் புரண்டு மல்லுக்கட்டுகிறார்கள், கிட்டார் வாசிக்கிறார்கள், வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். இதைக் கண்டு, இவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் என்று எழுதியவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. உடம்பு முழுவதும் விழிப்பாக இருந்தும் செய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலை மனிதரைச் சண்டையைவிட மெதுவாகவும் ஆழமாகவும் அரிக்கிறது. அந்த அரிப்பைத் தாங்க அவர்கள் கண்டுபிடித்த வழிகள்தான் அந்த ஆட்டமும் பாட்டும். சண்டை வராத நாளில் சண்டை வராதா என்று ஏங்குவதையும் அவர்கள் மறைப்பதில்லை. ஒரு படைவீரர் கேமராவின் முன் இதை வெளிப்படையாகச் சொல்வது எளிதன்று. மாதக்கணக்கில் உடன் தங்கியவர்களிடம் மட்டுமே சொல்லக்கூடியது.

தமிழில் பாசறையின் அன்றாட வாழ்வைப் பாடும் மரபு பழையது. முல்லைப்பாட்டில் வரும் பாசறையைப் படிக்கும்போது எனக்கு அந்த மலைமுகடு நினைவுக்கு வருகிறது. காட்டை வெட்டி, முள்ளால் வேலி வளைத்து, தழையால் கூரை வேய்ந்து அமைத்த பாடி. யானைப்பாகர்கள் வடமொழிச் சொற்களால் யானைக்குக் கட்டளையிடுகிறார்கள்; நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது அறிவிக்கிறார்கள்; யவனர் காவல் நிற்கிறார்கள்; பேசும் மொழி புரியாத மிலேச்சர் உடம்பின் அசைவால் கருத்தை உணர்த்துகிறார்கள்; புண்பட்ட யானைகளையும் இறந்துபோன மறவரையும் நினைத்து அரசன் தூக்கமின்றிக் கிடக்கிறான். இத்தனையும் விரிவாக வருகின்றன. அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த வேட்டுவர்களின் சிற்றரண்களை அழித்தது மட்டும் ஒரே தொடரில் வந்து போய்விடுகிறது. அந்த வேட்டுவர்கள் என்ன ஆனார்கள் என்று பாட்டு திரும்பிப் பார்ப்பதில்லை. பாசறைக்குள் நின்று பார்க்கும் எந்தப் படைப்புக்கும் இந்த எல்லை உண்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் கேமராவோடு போனவர்களும் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

கோரங்கலின் மக்கள் படத்தில் முக்கியமாக வருவது வாரந்தோறும் நடக்கும் ஷூரா என்னும் ஊர்க் கூட்டத்தில். ஒருபுறம் கேப்டன் டான் கியர்னி, மறுபுறம் மருதாணி தீட்டிய தாடியுடன் பெரியவர்கள், நடுவில் மொழிபெயர்ப்பாளர். கேப்டன் சாலை வரும், வேலை வரும், பணம் வரும் என்கிறார். பெரியவர்கள் காணாமற்போன ஒருவரைப் பற்றியும் கைதானவரைப் பற்றியும் கேட்கிறார்கள். இரு தரப்பும் ஒரே மொழிபெயர்ப்பாளரின் வழியாக வெவ்வேறு உரையாடல்களை நடத்திக்கொண்டிருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்துச் சென்னையில் 'துபாஷி' என்று ஒரு பதவி இருந்தது. வெறும் மொழிபெயர்ப்போடு நில்லாமல், இரு தரப்பிடமும் எதை எப்படிச் சொன்னால் காரியம் நடக்கும் என்று அறிந்தவர். கோரங்கலின் மொழிபெயர்ப்பாளருக்கு அந்த இடம் இல்லை. அவரும் பள்ளத்தாக்குக்கு அந்நியரே. தனக்கு முன்பிருந்தவர்கள் செய்த தவறுகளை மறந்து புதிதாகத் தொடங்குவோம் என்று கேப்டன் கேட்டுக்கொள்கிறார். உண்மையான வேண்டுகோள்தான். ஆனால் படைக்கு 15 மாதங்களில் ஆள் மாறும். ஊருக்கு ஆள் மாறாது, நினைவும் மாறாது.

மொழி தெரிந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? தமிழர்களாகிய நமக்கு இந்தக் கேள்விக்கு வரலாறே ஒரு விடை வைத்திருக்கிறது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, அந்த ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கி, 1990 மார்ச்சில் திரும்பியது. இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். மெட்ராஸ் ரெஜிமென்டின் பட்டாலியன்களும் அங்கே இருந்தன. தமிழ் பேசும் வீரர், தமிழ் பேசும் ஊரில், சோதனைச் சாவடியில் நின்றார். பெரியவர் வவுனியாப் பக்கம் சில மாதங்கள் இருந்திருக்கிறார். கடந்து போகிறவர்கள் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு சொல்லும் தனக்குப் புரியும் என்றும், தனக்குப் புரிகிறது என்று அவர்களுக்கும் தெரியும் என்றும், அதனால் சாவடியை நெருங்கும்போது பேச்சு அப்படியே அறுந்துவிடும் என்றும் சொன்னார். "பாஷை தெரியாத இடத்துல டூட்டி பாக்குறது சுலபம் தம்பி. தெரிஞ்ச இடத்துலதான் கஷ்டம்" என்றார். 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளுக்குப் பிறகு, பொதுவான மொழி ஒரு பாலமாக இருந்து என்ன பயன் என்பதை நினைத்துப் பார்க்கவே கடினமாக இருக்கிறது.

கோரங்கலிலும் அப்படி ஒரு நாள் படத்தில் வருகிறது. 2007 அக்டோபரில் 'ராக் அவலாஞ்ச்' என்று பெயரிட்ட நடவடிக்கையில் படை பள்ளத்தாக்கின் உள்ளே வெகுதூரம் போனது. யாக்கா சைனா என்னும் ஊரில் வான்தாக்குதலால் பொதுமக்கள் இறந்தார்கள், குழந்தைகள் காயமுற்றார்கள். வீரர்கள் அந்த வீடுகளுக்குள் நுழைந்து பார்ப்பதைக் கேமரா காட்டுகிறது. அதே நடவடிக்கையில், மறுபுறம், அனைவருக்கும் நம்பிக்கையாக இருந்த சார்ஜன்ட் ஒருவர் மலைச்சரிவில் கொல்லப்படுகிறார். செய்தி கேட்ட இளம் வீரர் ஒருவர் கதறி அழுவதைப் படம் விலகாமல் பார்க்கிறது. இரண்டு நாள் கழித்து நடந்த இரவுத் தாக்குதலில், எதிரி இழுத்துச் சென்ற தோழரை மீட்ட சால்வடோர் ஜியுன்டாவுக்கு 2010-இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது வழங்கப்பட்டது. வியட்நாம் போருக்குப் பிந்தைய ஒரு போரில் காட்டிய வீரத்துக்காக உயிரோடு அதைப் பெற்ற முதல் வீரர் அவரே.

இந்த இரண்டு துயரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். அழும் வீரரின் பெயர் நமக்குத் தெரியும், அவர் முந்தைய நாள் சொன்ன நகைச்சுவை தெரியும், இறந்த சார்ஜன்ட் அவருக்கு யார் என்பது தெரியும். யாக்கா சைனாவின் குழந்தைக்கு இவை எதுவும் இல்லை. இயக்குநர்களின் இரக்கக் குறைவு இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் குழந்தையைக் காட்டவேண்டும் என்று முடிவு செய்தவர்களும் அவர்களே. காரணம், படையோடு சேர்ந்து தங்கும் செய்தியாளர் முறை. 2003 ஈராக் படையெடுப்பிலிருந்து அமெரிக்கா பெரிய அளவில் கடைப்பிடித்த அந்த முறையில், செய்தியாளரின் உணவும் உறக்கமும் உயிரும் அவர் யாரைப் படம் பிடிக்கிறாரோ அவர்களின் கையில் இருக்கின்றன. நெருக்கம் கிடைக்கிறது, திரும்பி நின்று, மலையேறி வரும் பெரியவரின் கண்ணால் காவலரணைப் பார்க்கும் இடம் மட்டும் கிடைப்பதில்லை. அதே 2010-இல் வந்த, யானுஸ் மெட்ஸ் இயக்கிய 'அர்மடில்லோ' என்னும் டென்மார்க் படமும் ஹெல்மண்ட் மாகாணத்தில் இதே முறையில்தான் எடுக்கப்பட்டது. ஆனால் காயமுற்றுக் கிடந்த தாலிபான்களைச் சுட்டது பற்றி வீரர்கள் பேசிக்கொள்வது அதில் இடம்பெற்றதால் டென்மார்க்கில் பெரும் விவாதம் எழுந்தது. வேலிக்குள் நின்றாலும் கேட்கக்கூடாத ஒன்று காதில் விழுந்தால் அதைப் பதிவு செய்யலாம் என்பதற்கு அது சான்று.

நம் திரையில் பட்டாளத்துக்காரர் பெரும்பாலும் விடுப்பில் ஊருக்கு வந்தவராகவே இருக்கிறார், அல்லது எல்லையில் கொடி நடுகிறார். இரண்டுக்கும் நடுவே, சாலையோரம் மாலைவரை நிற்கும் ஆள் திரைக்கு வருவது அரிது. அனுமதியும் எளிதன்று. 2020-இல் பாதுகாப்பு அமைச்சகம், படையைப் பற்றிய படங்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் முன்கூட்டியே தடையின்மைச் சான்று பெறவேண்டும் என்று கேட்டுக்கொண்டது. தவறான சித்திரிப்பு குறித்த வருத்தம் நியாயமானதே. ஆனால் தங்கள் வேலை எப்படிப்பட்டது என்று அறியாத மக்களுக்காகவே வீரர்கள் நின்றுகொண்டிருக்க நேர்கிறது. பெரியவரின் மனைவிக்கே ஆர்.ஓ.பி. என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட மணவாழ்வில் அவர் அதைச் சொல்லியதில்லை.

விசென்சாவில் எடுத்த நேர்காணல்களில் கேமரா முகத்துக்கு மிக அருகில் நிற்கிறது. கருத்த பின்னணியில் முகம் மட்டும். கனவுக்குப் பயந்து தூங்காமலிருக்க விரும்புவதாக ஒருவர் சொல்கிறார்; சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு புன்னகை இருக்கிறது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. படத்தின் முதன்மையான விளக்கம் அந்த முகங்கள்தான். 2010 ஏப்ரலில் அமெரிக்கப் படை கோரங்கலை விட்டு முற்றாக வெளியேறியது. அதுவரை அந்தப் பள்ளத்தாக்கில் 40-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள். காவலரண் அந்த ஊரிலிருந்து அகன்றது. தேவதாருச் சரிவுகள் இருந்தன.

பசு காட்சியின்போது பெரியவர் கேட்டது இதுதான்: "தம்பி, அது கறவை மாடா?" படத்தில் அதற்கு விடை இல்லை, யாரும் கேட்கவில்லை. அவர் மாடு வளர்த்த வீட்டிலிருந்து வந்தவர். கறவை மாட்டின் விலை அதன் எடையில் இல்லை, அடுத்த கன்றிலும் அடுத்த பல ஆண்டுகளின் பாலிலும் இருக்கிறது. எடைக்கு எடை அரிசி என்பது இறைச்சிக் கடையின் கணக்கு என்றார். வெட்சியில் ஆநிரை கவர்வதும் கரந்தையில் அதை மீட்பதும் போரின் தொடக்கமாகத் தமிழில் வகுக்கப்பட்டதற்கு அதே கணக்குத்தான் காரணமாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பணம் தரக்கூடாது என்று கேப்டன் சொன்னதற்கும் நியாயம் இருந்திருக்கலாம். அந்தப் பணம் எந்தத் துப்பாக்கிக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியாது. காட்சியை நாங்கள் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, பின்னால் வேலி தெரிந்தது. அந்த வேலியின் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்று பார்ப்பதற்காகப் பெரியவர் திரைக்கு அருகில் போய்க் குனிந்தார்.